கிளஸ்டரில் ஓடும் வலைத்தளம் தடுமாறினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரே சர்வரில் ஓடிய தளத்தை, பல சர்வர்கள் சேர்ந்து ஒன்றுபோல் இயங்கும் கிளஸ்டருக்கு மாற்றுவோர் மூன்று பயன்களை எதிர்பார்க்கிறார்கள். ஒரு சர்வர் விழுந்தாலும் தளம் நிற்கக் கூடாது. கூட்டம் கூடும் நாளில் சுமை பங்கிடப்பட வேண்டும். பராமரிப்புக்காக நள்ளிரவில் தளத்தை மூடிவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இம்மூன்றும் கிடைக்கக்கூடியவையே, ஆனால் சர்வர்களை வாங்கி அடுக்கியதால் மட்டும் கிடைத்துவிடுவதில்லை. பழுது பார்க்க வரும் கிளஸ்டர்களில் சர்வர் உடைந்து கிடப்பது அரிது. பொதுவாக இருக்க வேண்டியதைத் தனித்தனியாகவும், இரண்டாக இருக்க வேண்டியதை ஒன்றாகவும் வைத்துவிட்ட ஏற்பாடுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது நடுத்தர ஹோஸ்டிங்கில் வழக்கமாகக் காணப்படும் அமைப்பு. முன்னால், வருகையாளர்களைச் சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் இரண்டு லோட் பேலன்சர்கள்; அவற்றில் எச்ஏபிராக்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருள் ஓடும். ஒன்று விழுந்தால் மற்றதற்கு மாறும் மிதக்கும் ஐபி முகவரியை அவற்றுக்கிடையே கைமாற்றும் கீப்அலைவ்டி. பின்னால் பிஎச்பி ஓடும் இரண்டு அல்லது மூன்று வலைச் சர்வர்கள். கடைசியில், ஒரே தரவை ஒவ்வொன்றிலும் ஒத்துவைக்கும் மூன்று மரியாடிபி சர்வர்கள் சேர்ந்த கலேரா தரவுத்தளம். உங்கள் அமைப்பில் மென்பொருளின் பெயர்கள் மாறலாம்; அறிகுறிகள் அதிகம் மாறுவதில்லை.

## எதையும் தொடுவதற்கு முன்: எந்தச் சர்வர்?

லோட் பேலன்சரைத் தாண்டி, ஒவ்வொரு வலைச் சர்வரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்ப்பதே முதல் வேலை. கர்ல் கட்டளையில் ரிசால்வ் என்னும் விருப்பத்தைச் சேர்த்து, தளத்தின் பெயரை அந்தச் சர்வரின் ஐபி முகவரியோடு இணைத்தால் போதும். கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் தம் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதே இணைப்பை எழுதி உலாவியில் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும், இல்லையெனில் மறுநாள் அதுவே புதிய பிழையாகத் தோன்றும்.

எல்லாச் சர்வர்களும் ஒரே பிழையைக் காட்டினால், அவை அனைத்தும் சார்ந்திருக்கும் பொதுப் பகுதியைப் பார்க்க வேண்டும்: தரவுத்தளம், பகிர்ந்த சேமிப்பகம், தற்காலிகத் தரவை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸ். ஒன்று மட்டும் பிழை காட்டினால், அதை லோட் பேலன்சரின் வரிசையிலிருந்து விலக்கிவிட்டு நிதானமாகப் பாருங்கள். தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரைப் பிரித்துப் பழுது பார்க்க முடிவதுதான் கிளஸ்டரின் ஆகப் பெரிய வசதி. அதைப் பயன்படுத்தாமல் பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் செய்வோரே அதிகம், அதனால் லாக் தவிர்ந்த தடயங்கள் எல்லாம் அழிந்துபோகின்றன. எந்தச் சர்வரும் தனியாகக் கேட்டபோது பிழை காட்டவில்லை என்றால், கோளாறு லோட் பேலன்சரிலோ டிஎன்எஸ்ஸிலோ எஸ்எஸ்எல் சான்றிதழிலோ இருக்கிறது.

இந்தத் தேடலை எளிதாக்க, ஒவ்வொரு வலைச் சர்வரும் தன் பெயரைப் பதிலின் ஹெடரில் சேர்த்து அனுப்புமாறு முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். ஒரு வரி வேலை. பின்னர் வரும் எல்லாப் புகார்களிலும் பாதி நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

## அறிகுறி: ஒரு சர்வர் விழுந்ததும் தளம் முழுவதும் விழுகிறது

கிளஸ்டர் வைத்ததன் முதல் பயனே கைக்கு வராத நிலை இது. காரணங்களை மலிவானதிலிருந்து பாருங்கள்.

### ஹெல்த் செக் எதைச் சோதிக்கிறது?

சர்வர் நலமா என்று லோட் பேலன்சர் அவ்வப்போது பார்க்கும் சோதனையே ஹெல்த் செக். வலைக் கோரிக்கைகள் வரும் 80 ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் லோட் பேலன்சர் பார்த்துக்கொண்டிருந்தால், பிஎச்பி செத்துக் கிடக்கும் சர்வரையும் அது நலமாக இருப்பதாகவே கருதி வருகையாளர்களை அனுப்பிக்கொண்டிருக்கும். பிஎச்பி வழியாக ஓடி 200 என்று பதில் தரும் சிறிய பக்கத்தை ஹெல்த் செக்குக்கு வையுங்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் தரவுத்தளத்தையும் சேர்த்துச் சோதிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தரவுத்தளம் சில விநாடிகள் தாமதித்தாலும் எல்லா வலைச் சர்வர்களும் ஒரே நேரத்தில் தோல்வி எனக் குறிக்கப்பட்டு, தாமதமாகவாவது திறந்திருக்கக்கூடிய தளம் முழுவதுமாக 503 காட்டும்.

### எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறது?

எச்ஏபிராக்சியின் இயல்பு அமைப்பில் 2 விநாடிக்கு ஒரு சோதனை. தொடர்ந்து 3 தோல்வி வந்தால் சர்வர் விலக்கப்படும். ஆகவே சில விநாடித் தடுமாற்றம் இயல்பானதே, அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பு தானாகப் போய்ச் சோதிப்பதில்லை. வருகையாளர் ஒருவரின் கோரிக்கை தோற்ற பிறகுதான் அது சர்வரை 10 விநாடிக்கு ஒதுக்கிவைக்கிறது. அதோடு, பின்னாலுள்ள சர்வரோடு இணைப்பு ஏற்படக் காத்திருக்கும் நேரம் அதில் இயல்பாக 60 விநாடி. மின்சாரம் போய் ஒரு சர்வர் சத்தமின்றி மறைந்தால், இணைப்பை மறுக்கக்கூட அங்கே யாரும் இல்லாததால், வருகையாளர் ஒரு நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள் வலையமைப்புக்கு 2 அல்லது 3 விநாடி போதும், குறைத்துவிடுங்கள்.

### மிச்சமிருக்கும் சர்வருக்குச் சுமை தாங்குமா?

இரண்டு வலைச் சர்வர்களும் உச்ச நேரத்தில் 70 சதவீதத்தில் ஓடுகின்றன என்றால், ஒன்று விழுந்ததும் மற்றதன்மேல் 140 சதவீதம் வந்து விழும். அதுவும் சில நிமிடத்தில் சாயும். இரண்டு சர்வர் எனில் ஒவ்வொன்றும் 50 சதவீதத்துக்குள், மூன்று எனில் 66 சதவீதத்துக்குள், நான்கு எனில் 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மாதச் சராசரியைப் பார்த்து ஆறுதல் அடையாமல், தீபாவளி விற்பனை போன்ற உச்ச நாளின் வரைபடத்தைப் பாருங்கள்.

### எது ஒன்றே ஒன்றாக இருக்கிறது?

ஒரு தாளில் படம் வரைந்து, ஒவ்வொரு பெட்டியாக விரலால் மறைத்துப் பாருங்கள். லோட் பேலன்சர் ஒன்றா, படங்களை எல்லாச் சர்வர்களோடும் பகிரும் என்எஃப்எஸ் சர்வர் ஒன்றா, ரெடிஸ் ஒன்றா? பலர் தவறவிடும் இடம் இதற்கும் கீழே இருக்கிறது: வாடகைக்கு எடுத்த இரண்டு மெய்நிகர் சர்வர்களும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஒரே உண்மையான இயந்திரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். வெளியிலிருந்து இதை அறிய வழியில்லை. நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, தனித்தனி இயந்திரங்களில் வைக்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் இதைக் கட்டணமின்றிச் செய்து தருகின்றன.

செலவு மிகுந்த கடைசிக் காரணம் இடம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 தரவு மையம் தீயில் அழிந்தபோது, எல்லாச் சர்வர்களையும் அந்த ஒரே கட்டடத்தில் வைத்திருந்தவர்களுக்கு எத்தனை சர்வர் இருந்தும் பயனில்லாமல் போயிற்று. இரண்டாவது தரவு மையம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டால், அதை வடிவமைக்க அனுபவமுள்ள நிபுணரை அழைப்பதே சரி. தூரம் கூடும்போது தரவுத்தளத்தின் நடத்தையும் மாறிவிடுகிறது.

## அறிகுறி: 502, 503, 504

எண்ணைப் பார்த்தே பாதி வழி போய்விடலாம். 503 என்றால் அனுப்புவதற்குச் சர்வரே இல்லை என்று எச்ஏபிராக்சி சொல்கிறது; அதன் புள்ளிவிவரப் பக்கத்தில் எது சிவப்பாக இருக்கிறது என்று பாருங்கள். என்ஜின்எக்ஸ் அதே நிலையில் 502 காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

502 என்றால் பின்னால் இருப்பது இணைப்பை மறுத்தது அல்லது பாதியில் அறுத்தது. பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் ஓடுகிறதா, நினைவகம் தீர்ந்து இயங்குதளமே அதைக் கொன்றுவிட்டதா என்று கர்னல் லாகில் தேடுங்கள். 504 என்றால் பதில் குறித்த நேரத்துக்குள் வரவில்லை. பெரும்பாலும் தரவுத்தளத்திடம் தளம் கேட்கும் மெதுவான கேள்வி (குவரி) ஒன்றே குற்றவாளி. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி 504 ஐ மறைப்பது நோயை மறைப்பது மட்டுமே. மெதுவான கேள்விகளின் லாகை இயக்கி, முதலில் நிற்கும் கேள்விக்குத் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இண்டெக்ஸ் சேர்த்தும் தீரவில்லை என்றால் வேலை நிரலாளருடையது.

## அறிகுறி: உள்நுழைந்தவர் வெளியேற்றப்படுகிறார், கூடை காலியாகிறது

புதிய கிளஸ்டருக்கு மாறிய முதல் வாரத்தில் வரும் புகார் இதுவே. வாடிக்கையாளர் பொருளைக் கூடையில் போடுகிறார், அடுத்த பக்கத்துக்குப் போகிறார், கூடை காலி; திரும்பிப் பார்த்தால் பொருள் இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று இப்படி நடந்தால், இரண்டு சர்வர்கள் இரண்டு வெவ்வேறு நினைவுகளோடு மாறி மாறிப் பதில் சொல்லுகின்றன என்று பொருள்.

### செஷன் எங்கே எழுதப்படுகிறது?

பிஎச்பி இயல்பாகச் செஷனை, அதாவது ஒரு வருகையாளரைப் பற்றிய நினைவை, அந்தந்தச் சர்வரின் வட்டில் கோப்பாக எழுதும். உடனடி நிவாரணம், ஒரு வருகையாளரை ஒரே சர்வருக்கு ஒட்டவைப்பது. எச்ஏபிராக்சியில் குக்கி வழியாக ஒட்டவைப்பது நல்லது. என்ஜின்எக்ஸின் ஐபி-ஹேஷ் முறையைச் சற்று யோசித்துப் பயன்படுத்துங்கள்: அது ஐபி நான்கு முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே கணக்கில் எடுப்பதால், ஒரே வலையமைப்பில் அடுத்தடுத்த முகவரிகளோடு இருப்போர் அனைவரும் ஒரே சர்வரில் குவிவார்கள், முன்னால் சிடிஎன் (பக்கங்களை இடையில் நின்று வழங்கும் வலையமைப்பு) இருந்தால் இந்தக் குவிதல் இன்னும் மோசமாகும்.

ஒட்டவைப்பது தற்காலிக மருந்து. அந்தச் சர்வர் விழும்போது அதிலிருந்த செஷன்கள் எல்லாம் போய்விடும். எந்தப் பயனுக்காகக் கிளஸ்டர் வைத்தோமோ அது அங்கே இல்லை. நிலையான தீர்வு, செஷனை ரெடிஸ் அல்லது தரவுத்தளம் என ஒரு பொது இடத்துக்கு மாற்றுவது.

### சாவிகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா?

வேர்ட்பிரஸ் தன் உள்நுழைவுக்குப் பிஎச்பி செஷனைப் பயன்படுத்துவதில்லை. குக்கியைக் கையொப்பமிடும் 8 ரகசியச் சாவிகள் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் இருக்கின்றன. இரண்டாவது சர்வரில் வேர்ட்பிரஸ்ஸைப் புதிதாக நிறுவியிருந்தால் அங்கே வேறு 8 சாவிகள் இருக்கும். முதல் சர்வர் தந்த குக்கியை இரண்டாவது போலி என்று தள்ளிவிட்டு மீண்டும் உள்நுழையச் சொல்லும். லாராவெல் என்னும் பிஎச்பி சட்டகத்தில் செயலிச் சாவியும் இப்படியே. இரண்டு சர்வர்களிலும் அந்தக் கோப்பின் கைரேகை போன்ற எம்டி5 மதிப்பை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை. ரெடிஸ் நிறுவி, செருகுநிரல்களை மாற்றி, நாள் முழுக்க அலைந்த பிறகு இதில் வந்து முடிந்த வழக்குகள் உண்டு.

### ரெடிஸ் இருந்தும் வெளியேற்றம் நின்றபாடில்லை

நினைவக வரம்பு எட்டியதும் பழையவற்றைக் கழிக்கும் கொள்கை ரெடிஸில் இருந்தால், பக்கத் தற்காலிகச் சேமிப்பும் செஷனும் ஒரே ரெடிஸில் இருக்கும் நிலையில், கூட்டம் கூடும் நேரத்தில் உயிருள்ள செஷன்களும் கழிக்கப்படும். கழிக்கப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கையை ரெடிஸின் தகவல் கட்டளையே காட்டும். அது ஏறிக்கொண்டிருந்தால் செஷனுக்குத் தனி ரெடிஸ் ஓட்டுங்கள். சர்வர்களின் கடிகாரங்கள் ஒத்திருக்கின்றனவா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்; சில நிமிட வேறுபாடு போதும், காலம் குறித்த டோக்கன்கள் ஒரு சர்வரில் செல்லும், மற்றதில் காலாவதியாகும்.

## அறிகுறி: ஏற்றிய படம் ஒருமுறை தெரிகிறது, மறுமுறை 404

எஃப்5 விசையை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். படம் வந்தும் மறைந்தும் மாறினால், அது ஒரு சர்வரின் வட்டில் மட்டுமே இருக்கிறது. ஆர்சிங்க் கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நகலெடுக்கும் ஏற்பாடு இருந்தால், அந்த வேலை நின்றுவிட்டதா, வட்டு நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். இடம் மிச்சமிருந்தும் ஐனோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவுகள்) தீர்ந்துபோவதும் உண்டு. எனினும் நகலெடுப்பதில் எப்போதும் ஒரு நிமிட ஓட்டை இருக்கும் என்பதால், படங்களை என்எஃப்எஸ் பகிர்வுக்கோ, கோப்புகளை வலைவழியே வைத்து எடுக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கோ மாற்றுவதே நல்லது. என் தேர்வு இரண்டாவது; என்எஃப்எஸ் சர்வர் ஒன்றே ஒன்றாக இருந்தால் 'எது ஒன்றே ஒன்றாக இருக்கிறது?' என்ற பகுதியில் சொன்ன சிக்கலைப் புதுப் பெயரில் உள்ளே கொண்டுவருகிறது.

என்எஃப்எஸ் தொங்கிப்போனால் அடையாளம் காண்பது எளிது. சிபியு சும்மா இருக்கும், ஆனால் லோட் ஆவரேஜ் ஏறிக்கொண்டே போகும்; டாப் கட்டளையில் பிஎச்பி செயல்கள் டி (சேமிப்பகத்துக்குக் காத்திருத்தல்) என்னும் நிலையில் வரிசையாக நிற்கும்; வட்டு இடத்தைப் பார்க்க டிஎஃப் கட்டளையை இட்டால் அதுவும் திரும்பி வராது. அந்தச் செயல்களைக் கொல்ல முயல்வதில் பெரும்பாலும் பயனில்லை. சேமிப்பகச் சர்வரையோ இடையிலுள்ள வலையமைப்பையோ மீட்டால் அவை தாமாகவே நகரும்.

படம் அல்லாமல் பக்கத்தின் தோற்றமே பழையதும் புதியதுமாக மாறினால், நிரலின் இரண்டு பதிப்புகள் ஓடுகின்றன. ஒரு சர்வரில் மட்டும் செருகுநிரலைப் புதுப்பித்திருப்பார்கள், அல்லது தொகுத்த நிரலை நினைவில் வைத்திருக்கும் ஓபிகேஷ் கோப்பு நேரத்தைச் சோதிக்காதபடி அமைக்கப்பட்டிருக்க, பிஎச்பி-எஃப்பிஎம் மறுஏற்றம் செய்யப்படாமல் விடப்பட்டிருக்கும். நிர்வாகப் பக்கத்திலிருந்து புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிட்டு, எல்லாச் சர்வர்களுக்கும் ஒரே இடத்திலிருந்து நிரலை அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

## அறிகுறி: பக்கம் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கிறது, வருகையாளர் எல்லாருக்கும் ஒரே ஐபி

எஸ்எஸ்எல் குறியாக்கம் லோட் பேலன்சரிலேயே முடிந்துவிட்டால், பின்னாலுள்ள சர்வருக்கு வருவது வெறும் எச்டிடிபி. அந்தச் சர்வர் உலாவியைப் பாதுகாப்பான முகவரிக்கு அனுப்ப, லோட் பேலன்சர் மீண்டும் வெறுமையாக்கி அனுப்ப, உலாவி சலித்துப்போய் நிறுத்திவிடும். வந்தது பாதுகாப்பான இணைப்பா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டெட்-புரோட்டோ ஹெடரை லோட் பேலன்சர் அனுப்புகிறதா, தளம் அதை மதிக்கிறதா என்று பாருங்கள்.

இதன் உடன்பிறப்பு இன்னும் வேடிக்கையானது. வருகையாளரின் உண்மையான ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டெட்-ஃபார் ஹெடரைப் படிக்காத வலைச் சர்வரின் லாகில் எல்லா வருகையும் லோட் பேலன்சரின் ஐபியிலிருந்தே வருவதாகப் பதிவாகும். அந்த லாகைப் பார்த்துத் தடை விதிக்கும் ஃபெயில்2பேன் ஓடிக்கொண்டிருந்தால், எங்கிருந்தோ ஒருவர் 5 முறை தவறான கடவுச்சொல் இட்டதும் அது லோட் பேலன்சரையே தடை செய்துவிடும். அதன் இயல்புத் தடைக்காலம் 10 நிமிடம். ஆகவே ஒரு சர்வர் காரணமின்றி விழுவதும் சுமார் 10 நிமிடம் கழித்துத் தானாக எழுவதும் உங்கள் புகாராக இருந்தால், வன்பொருளைச் சந்தேகிக்கும் முன் ஃபெயில்2பேனின் தடைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தீர்வு இரண்டு பங்கு: உள் முகவரிகளை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது, லோட் பேலன்சரிலிருந்து வரும்போது மட்டும் அந்த ஹெடரை நம்பி உண்மையான ஐபியை எடுக்குமாறு அமைப்பது. யாரிடமிருந்து வந்தாலும் நம்புமாறு அமைத்தால், எவரும் எந்த ஐபியையும் வேடமிட்டு வரலாம்.

## அறிகுறி: சர்வரைக் கூட்டியும் வேகம் கூடவில்லை

முதலில், புதிய சர்வருக்கு வருகை போகிறதா என்று லோட் பேலன்சரில் பாருங்கள். வரிசையில் சேர்க்க மறந்த சர்வருக்கு மாதக்கணக்கில் வாடகை கட்டுவது கேள்விப்படாத ஒன்றல்ல. அடுத்து, தனி ஒரு பக்கம் மெதுவாக இருக்கிறதா, கூட்டம் கூடும்போது மட்டும் மெதுவாகிறதா என்று பிரியுங்கள். ஆளில்லாத நேரத்திலும் 4 விநாடி எடுக்கும் பக்கம், பத்துச் சர்வர் வைத்தாலும் 4 விநாடிதான் எடுக்கும். கிளஸ்டர் தருவது ஒரே நேரத்தில் பலருக்குப் பதில் சொல்லும் திறன். ஒருவருக்கு விரைவாகப் பதில் சொல்லும் திறன் நிரலிலும் தரவுத்தளத்திலும் இருக்கிறது.

கூட்டத்தில் மட்டும் மெதுவானால், தரவுத்தள இணைப்புகளை எண்ணுங்கள். மரியாடிபியிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் ஒரு சர்வர் இயல்பாக ஏற்கும் இணைப்புகள் 151. ஒவ்வொரு வலைச் சர்வரிலும் 60 பிஎச்பி செயல்கள் ஓட அனுமதித்திருந்தால், இரண்டு சர்வரில் 120 ஆக இருந்தது மூன்றாவதைச் சேர்த்ததும் 180 ஆகும். அவை அனைத்தும் ஒரே தரவுத்தளச் சர்வரை நோக்கிப் போனால், முன்பு இல்லாத இணைப்புப் பிழை அன்றுதான் தோன்றும். வரம்பைக் கண்மூடி ஆயிரமாக்காமல், நினைவகம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டு உயர்த்துங்கள், அல்லது பிஎச்பி செயல்களைக் குறையுங்கள்.

கலேராவில் இன்னொன்றும் உண்டு. எழுதுவது ஒவ்வொன்றும் எல்லாச் சர்வர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால், அங்கே மூன்றாவது சர்வர் படிப்பதற்குத் தோள் கொடுக்குமே தவிர எழுதுவதற்கு அன்று. மெதுவான வட்டோடு ஒரு சர்வர் பின்தங்கினால், அது எட்டிப் பிடிக்கும்வரை மற்றவை நிறுத்திவைக்கப்படும்; இரட்டை மாட்டு வண்டியில் சோர்ந்த மாட்டின் நடைதான் வண்டியின் வேகம். ஃப்ளோ கன்ட்ரோல் எவ்வளவு நேரம் நிறுத்திவைத்தது என்பதைக் காட்டும் நிலை மாறியின் மதிப்பு சுழியத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஏறியிருந்தால் எந்தச் சர்வரின் வரிசை நீளமாக இருக்கிறது என்று பார்த்து, அதன் வட்டை மாற்றுங்கள். ஒரே தரவுப் பதிவை இரு சர்வர்களில் ஒரே நேரத்தில் திருத்தும்போது வரும் டெட்லாக் பிழைகள் பெருகினால், எழுதும் வேலையை ஒரே சர்வருக்கு அனுப்பிவிட்டு மற்றவற்றைப் படிப்பதற்கும் மாற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: தரவுத்தளம் உயிரோடு இருக்கிறது, ஆனால் பேச மறுக்கிறது

சர்வர் இன்னும் பயன்பாட்டுக்குத் தயாராகவில்லை என்ற பொருளில் 1047 பிழை வந்தால், கலேரா பெரும்பான்மையை இழந்திருக்கிறது. இது கோளாறு போலத் தோன்றும் பாதுகாப்பு. மற்றவர்கள் செத்தார்களா, வலையமைப்புதான் அறுந்ததா என்று தெரியாத நிலையில், சிறுபான்மைப் பகுதி எழுதுவதை ஏற்றால் இரண்டு முரண்பட்ட தரவுகள் உருவாகும். அதைத் தடுக்கவே அது வாயை மூடிக்கொள்கிறது.

### இரண்டே சர்வர்களா?

இரண்டில் ஒன்று எதிர்பாராமல் விழுந்தால், மிச்சம் இருப்பது சரிபாதி, பெரும்பான்மை அல்ல. எனவே நல்ல நிலையிலுள்ள சர்வரும் நிற்கும். மூன்றாவது சர்வர் வாங்க வசதியில்லை என்றால், தரவு எதையும் சேமிக்காமல் வாக்கு மட்டும் அளிக்கும் கலேரா ஆர்பிட்ரேட்டரைச் சிறிய சர்வர் ஒன்றில் ஓட்டலாம்.

### மூன்று இருந்தும் தனித்தனியாக நிற்கின்றனவா?

ஒவ்வொன்றிலும் கிளஸ்டர் அளவைக் கேளுங்கள். 3 என்று வர வேண்டிய இடத்தில் 1 என்று வந்தால், ஃபயர்வாலில் தரவுத்தளத்தின் 3306 மட்டும் திறந்து, கலேரா சர்வர்கள் தமக்குள் பேசும் 4567, 4568, 4444 போர்ட்களை மறந்திருக்கலாம். புதிதாக ஃபயர்வால் விதிகளை மாற்றிய மறுநாள் வரும் அழைப்புகளில் இது வழக்கமான ஒன்று.

### மூன்றும் ஒன்றாக விழுந்து எழுந்தனவா?

மின்தடைக்குப் பிறகு ஏதாவது ஒன்றை முதலில் தொடங்கிவிடும் அவசரம் ஆபத்தானது. ஒவ்வொரு சர்வரிலும் தரவு அடைவிலுள்ள ஜிஆர்ஏ-ஸ்டேட் கோப்பைத் திறந்து வரிசை எண்ணைப் பாருங்கள். எது மிக உயர்ந்ததோ அதில் மட்டும் புதிய கிளஸ்டர் தொடங்கும் கட்டளையை இட்டு, மற்ற இரண்டையும் வழக்கம்போல் தொடங்க வேண்டும். எண் -1 என்று இருந்தால் அந்தச் சர்வர் முறையாக மூடப்படவில்லை. உண்மையான எண்ணை அறிய மீட்புக் கட்டளை ஒன்று உண்டு. பின்தங்கிய சர்வரைத் தவறுதலாக முதலில் தொடங்கினால், முன்னேறியிருந்த சர்வரின் கடைசிப் பதிவுகள் அழிக்கப்பட்டு, பழைய தரவு அதன்மேல் எழுதப்படும்.

நிபுணரை அழைக்க வேண்டிய கோடு இங்கே தெளிவானது. இரு பகுதிகளும் தனித்தனியாக எழுதுவதை ஏற்றுக்கொண்டுவிட்டன என்று சந்தேகம் வந்தாலே, எழுதுவதை நிறுத்தி, இரண்டின் தரவு அடைவுகளையும் நகலெடுத்துவிட்டு, தரவுத்தள வல்லுநரை அழையுங்கள். எதையும் இணைத்துப் பார்க்க முயல வேண்டாம். 2018 அக்டோபர் 21 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் நிறுவனத்தின் வலையமைப்பு 43 விநாடி அறுந்ததில், மைஎஸ்க்யூஎல்லின் தலைமை அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குத் தானாக மாறி, இரு பக்கமும் மற்றதில் இல்லாத பதிவுகளோடு நின்றது. தரவை இழக்காமல் சரிசெய்ய 24 மணி 11 நிமிடம் தடுமாறிய சேவையோடு அவர்கள் காத்திருந்தார்கள். அவசரப்படாதது சரியான முடிவு.

## அறிகுறி: தளம் சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு இல்லை

இரண்டு லோட் பேலன்சர்களிலும் ஐபி முகவரிப் பட்டியலைக் கேளுங்கள். மிதக்கும் முகவரி இரண்டிலும் இருந்தால், ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை, இரண்டும் தாமே தலைவர் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. கீப்அலைவ்டி பேசிக்கொள்ளும் விஆர்ஆர்பி என்பது டிசிபி போர்ட் அல்ல, 112 என்ற எண்ணுள்ள தனி நெறிமுறை. ஃபயர்வாலில் போர்ட்டாகத் திறந்து பயனில்லை. அது இயல்பாக மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புதல்) வழியாகப் பேசுவதால், அதை அனுமதிக்காத கிளவுட் வலையமைப்புகளில் இரண்டு சர்வர்களின் முகவரிகளையும் நேராக எழுதி, ஒருவருக்கு மட்டும் அனுப்பும் யூனிகாஸ்டுக்கு மாற்ற வேண்டும்.

முகவரி ஒன்றில் மட்டும் இருந்தும் தளம் திறக்கவில்லை என்றால், அந்த இயந்திரம் உயிரோடு இருக்க, அதிலுள்ள எச்ஏபிராக்சி மட்டும் செத்திருக்கலாம். கீப்அலைவ்டிக்குச் சோதனை ஸ்கிரிப்ட் தராவிட்டால் அது இதைக் கவனிக்காது. முகவரி சரியாக மாறியும் வருகை பழைய சர்வருக்கே போனால், ரவுட்டரோ கிளவுட் நிறுவனத்தின் வழி அட்டவணையோ மாறவில்லை. அது உங்கள் கைக்கு அப்பாற்பட்டது, நிறுவனத்தின் உதவிப் பிரிவிடம் மிதக்கும் முகவரியை மாற்ற அவர்கள் எந்த வழியை ஆதரிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

சான்றிதழ் எச்சரிக்கை சிலருக்கு மட்டும் வந்தால், ஒரு சர்வரில் அது காலாவதியாகியிருக்கிறது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வழியாகப் புதுப்பிக்கும்போது ஒரு சர்வர் வைத்த சோதனைக் கோப்பைக் கேட்டு வரும் கோரிக்கை மற்ற சர்வருக்குப் போய்த் தோற்பது இதன் வழக்கமான காரணம். சோதனைப் பாதையை ஒரே சர்வருக்கு அனுப்புங்கள், அல்லது டிஎன்எஸ் வழிச் சோதனைக்கு மாறி, பெற்ற சான்றிதழை எல்லாவற்றுக்கும் பரப்புங்கள். ஒரே மின்னஞ்சல் இரண்டு முறை போகிறது என்ற புகாரும் இதே இனம்: குறித்த நேர வேலைகளை ஓட்டும் கிரான் எல்லாச் சர்வரிலும் ஓடுகிறது, ஒன்றில் மட்டும் விடுங்கள்.

## அறிகுறி: தவறாக அழித்த பதிவு எல்லாச் சர்வரிலும் அழிந்துவிட்டது

இதில் பழுது எதுவும் இல்லை. கிளஸ்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அழிக்கும் கட்டளையும் எழுதும் கட்டளையைப் போலவே நொடிக்குள் எல்லா நகல்களுக்கும் போய்ச் சேரும். கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவு தவறுதலாக நீக்கப்பட்டபோது, சுமார் 6 மணி நேரத் தரவு மீளவில்லை. பேக்கப் முறைகள் பல இருந்தும் அவை உரிய நேரத்தில் கைகொடுக்கவில்லை.

உடனே தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்து எழுதுவதை நிறுத்துங்கள். தரவுத்தளத்தின் எல்லா மாற்றங்களையும் பதியும் பைனரி லாக் இயக்கத்தில் இருக்கிறதா, பழைய லாக்குகள் தானாக நீக்கப்படும் கெடு எப்போது என்று பார்த்து, அவற்றை வேறு வட்டுக்கு நகலெடுங்கள். கடைசிப் பேக்கப்பை உயிருள்ள கிளஸ்டரில் அல்லாமல் தனிச் சர்வர் ஒன்றில் மீட்டு, அழிந்த நேரத்துக்குச் சற்று முன்புவரை பைனரி லாகை அதன்மேல் ஓட்டி, தேவையான அட்டவணைகளை மட்டும் எடுத்து வர வேண்டும். பேக்கப்பும் இல்லை, பைனரி லாகும் இல்லை என்றால், அந்தச் சர்வர்களை இயன்ற விரைவில் அணைத்துவிட்டுத் தரவு மீட்பு நிறுவனத்தை அழையுங்கள்; வட்டில் அதன்பின் எழுதப்படும் ஒவ்வொன்றும் மீட்க இருப்பதன்மேல்தான் எழுதப்படக்கூடும்.